பேஸ் கிட்டாரில் யார் பெரியவர்? சண்டையில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

ராக், ஜாஸ் கேட்கிற நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ‘பேஸ் கிட்டாரில் யார் பெரியவர்?’ என்று கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போயே போய்விடும். ஒருவர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பார். அவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பெயரை எடுப்பார். மூன்றாமவர் ‘பால் மெக்கார்ட்னியை விட்டுவிட்டு என்ன பேச்சு?’ என்று சூடாவார். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவருக்கோ இருக்கிற சந்தேகமே வேறு: பாட்டில் இந்த பேஸ் கிட்டார் எங்கே கேட்கிறது? அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்தச் சண்டை எத்தனை வருடமானாலும் ஓயாததற்கு ரசனை வேறுபாடு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், பேஸ் கிட்டாரின் வேலை என்ன என்பதிலேயே இவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. விக்கெட் கீப்பரையும் வேகப்பந்து வீச்சாளரையும் நிற்கவைத்து யார் சிறந்த ஆட்டக்காரர் என்று கேட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். ஆகவே முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். ஆட்கள் அப்புறம்.

நாலு தந்தி, ஒரு ஸ்தாயி கீழே

சாதாரண கிட்டாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நாலு. கிட்டாரின் தடித்த நாலு தந்திகளுக்கு என்ன சுரமோ அதே சுரங்கள்தான் இங்கேயும், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. அடித்தந்தியை அப்படியே மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் இவ்வளவு கீழான ஒலியை எழுப்பவே முடியாது. அந்தச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்களைக் கேட்டு, அடியில் இருப்பது இதுதான் என்று மூளை ஊகித்துக்கொள்கிறது. ‘எனக்கு பேஸ் கேட்கவே இல்லையே’ என்பவர்களில் பாதிப்பேருக்குக் குறை காதில் இல்லை, ஸ்பீக்கரில்தான். நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தக் கருவிக்கு வயதும் அதிகமில்லை. அதற்கு முன்னால் பேண்டுகளில் இருந்தது வயலின் குடும்பத்து ஆளுயர டபுள் பேஸ். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைவது ஒரு பாடு, டிரம்ஸும் ட்ரம்பெட்டும் முழங்கும்போது அதன் சத்தம் யாருக்கும் கேட்காதது இன்னொரு பாடு. மின்சார பேஸைச் செய்து பார்த்தவர்கள் 1930களிலேயே இருந்தார்கள். ஆனால் அது பரவியது 1951இல் கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த பிறகு. ப்ரிசிஷன் என்ற பெயருக்குக் காரணம் ஃப்ரெட், அதாவது வீணையில் நாம் மெட்டு என்கிறோமே, அது. மெட்டு இருப்பதால் விரல் சற்று முன்னே பின்னே பட்டாலும் சுரம் துல்லியமாக நிற்கும். இதில் ஒரு வேடிக்கை, ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது.

அடியில் ஒரு சுரம் மாறினால்

பேஸ் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கேட்டுப் பார்ப்பது சுலபம். வீட்டில் கீபோர்டு இருந்தால், கைபேசிச் செயலியாக இருந்தாலும் சரி, வலது கையால் ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சங்கராபரணத்துக் காந்தாரம்தான். மலர்ச்சியான ஒரு மேஜர் கார்டு கிடைக்கும். இடது கையால் கீழ் ஸ்தாயி ஸட்ஜத்தைச் சேர்த்தால் மலர்ச்சி இன்னும் உறுதிப்படும். இப்போது வலது கையை அசைக்காமல், இடது கையை மட்டும் அதற்கும் கீழே இருக்கும் சங்கராபரணத்துத் தைவதத்துக்கு மாற்றுங்கள். மேலே ஒலிப்பவை அதே மூன்று சுரங்கள்தான், ஆனால் மொத்த ஒலியும் சட்டென்று மைனராகி முகம் வாடிவிடும்.

பாடகர் எதையும் மாற்றவில்லை, கிட்டார்காரரும் மாற்றவில்லை. அடியில் ஒரே ஒரு சுரம் இடம்பெயர்ந்ததும் பாட்டின் மனநிலையே வேறாகிவிட்டது. இந்த அதிகாரம் பேஸ் வாசிப்பவர் கையில் இருக்கிறது. கேட்பவருக்கு ஏதோ மாறியது தெரியும், யார் மாற்றினார் என்று தெரியாது.

இன்னொரு அதிகாரம் காலத்தின் மேல். டிரம்ஸில் காலால் மிதிக்கும் பெரிய டிரம் விழும் அதே கணத்தில் பேஸ் சுரம் விழுகிறதா, மயிரிழை தள்ளி விழுகிறதா என்பதில்தான் நம் தலை தானாக ஆடுவதும் ஆடாததும் இருக்கிறது. சுரத்தை எப்போது தொடங்குகிறார் என்பது மட்டுமில்லை, எப்போது கையை வைத்து அமுக்கி நிறுத்துகிறார் என்பதும் முக்கியம். ஜமைக்காவின் ரெகே இசையில் பாப் மார்லியோடு வாசித்த ஆஸ்டன் பேரட்டைக் கேளுங்கள். சில சுரங்கள், அப்புறம் ஒரு பெரிய வெற்று இடம். அந்த வெற்றிடத்தில் அவருடைய தம்பி கார்ல்டனின் டிரம்ஸ் வந்து விழும். அவசரப்பட்டு ஒரு சுரம் கூடுதலாக வாசித்திருந்தால் ரெகே ரெகேயாகவே இருந்திருக்காது.

கடினமாக வாசிப்பதுதான் பெருமை என்று நினைப்பவருக்குப் பேரட்டின் பெயர் பட்டியலில் ஏன் வருகிறது என்றே புரியாது. சண்டையின் முதல் முடிச்சு இங்கே விழுகிறது.

ஒற்றை விரல்காரர்

ஜேம்ஸ் ஜேமர்சன் 1936இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954இல் டெட்ராய்ட்டுக்கு வந்து பள்ளியில் டபுள் பேஸ் கற்றுக்கொண்டார். அங்கே மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒரு வீட்டை வாங்கி அதிலேயே ஸ்டூடியோ வைத்திருந்தது. ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட இசைக்கலைஞர் கூட்டம் அங்கே காலை, மாலை, நள்ளிரவு என்று பாராமல் வாசித்துத் தள்ளியது. 1960களில் அங்கிருந்து வெளிவந்த வெற்றிப் பாடல்களில் பெரும்பகுதியின் அடித்தளம் ஜேமர்சனுடையது.

டபுள் பேஸ் பழக்கத்தால், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே மீட்டுவார். அந்த விரலுக்கே ‘கொக்கி’ என்று பட்டப்பெயர். அவரிடம் இருந்தது 1962ஆம் வருடத்து ப்ரிசிஷன் பேஸ். தந்தி அறுந்தால்தான் புதுத்தந்தி, அழுக்கில்தான் ஃபங்க், அதாவது ஆளை ஆடவைக்கும் அந்தத் துள்ளல், தங்கும் என்பாராம்.

அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அதற்கு முன் பாப் பாட்டில் பேஸ் என்றால் பெரும்பாலும் ஸ, ப, ஸ, ப என்று மாற்றி மாற்றி அடிப்பது. கார்டு மாறினால் புதுக் கார்டின் ஸட்ஜத்துக்குத் தாவுவது. ஜேமர்சன் தாவமாட்டார், நடந்து போவார். போகும் வழியில் கார்டுக்குச் சொந்தமில்லாத அரைச்சுரத்தைத் தொட்டுவிட்டு, சேர வேண்டிய இடத்துக்குச் சரியான கணத்தில் வந்து நிற்பார். எண்ணிக்கையின் மேல் விழ வேண்டிய அடியை அரை எண்ணிக்கை முன்னால் போட்டு முன்னே தள்ளுவார். 1968இல் ஸ்டீவி வொண்டர் பாடி வெளியான ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ பாட்டில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, பாடகரை மறந்து அடியை மட்டும் பின்தொடருங்கள். வாசித்ததையே திருப்பி வாசிப்பது அரிது. அவ்வளவு நடமாட்டம் இருந்தும் பாடகருக்கு எங்கேயும் குறுக்கே வரவில்லை. இப்போது மறுபடி பாடகரைக் கேட்டால், அவர் ஏன் அவ்வளவு உற்சாகமாக இருக்கிறார் என்பது புரியும்.

இவ்வளவு செய்தவர் பெயர் அன்றைக்குக் கேட்டவர்களுக்குத் தெரியாது. மோட்டவுன் ரெக்கார்டு உறைகளில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போடும் வழக்கம் இருக்கவில்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் அவர் பெயர் அச்சில் வந்தது. அதில் தலைப்புப் பாட்டுக்கு, போதையில் உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. 1983 ஆகஸ்டில் இறந்துபோனார். இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அமைப்பு அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல்.

கடைசியில் வாசித்தவர்

பெயர் தெரியாத அந்த டெட்ராய்ட்காரரைக் கடல் கடந்து உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மெக்கார்ட்னி. பீட்டில்ஸில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது வேறு வழியில்லாமல் அந்த இடத்துக்கு வந்தவர் அவர். 1961இல் ஹாம்பர்கில் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். இடதுகைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் அது பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

மெக்கார்ட்னியைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடுவது ரெக்கார்டிங் முறையை. லண்டன் ஈஎம்ஐ ஸ்டூடியோவில், பேஸ் அதிகமானால் இசைத்தட்டில் ஊசி குதித்துவிடும் என்று பயந்து சத்தத்தை அடக்கியே வைத்திருந்தார்கள். 1966இல் அங்கிருந்த எஞ்சினியர்கள் ஒரு ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி பேஸின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பின் எதிரே வைத்து ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டைப் பதிந்தார்கள். பேஸ் முன்னால் வந்தது. அடுத்த வருடம் அவர் இன்னொரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்: மற்ற எல்லாம் பதிந்து முடிந்தபின், ஆளில்லாத நேரத்தில் பேஸைத் தனியாகக் கடைசியில் சேர்ப்பது. முழுப்பாட்டும் காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று தெரியுமல்லவா? அந்த இடங்களில் இரண்டாவது ராகவரி ஒன்றை எழுதுவதுபோல அவர் வாசித்ததற்கு மேதைமை ஒரு காரணம், இந்த வசதி இன்னொரு காரணம். ஜேமர்சனோ அறையில் எல்லோரோடும் சேர்ந்து, ஒரே மூச்சில் வாசித்தவர். இருவரையும் ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

கட்டைவிரலும் பிடுங்கிய மெட்டும்

கருவியை வாசிக்கும் முறையையே மாற்றியவர்கள் ஒரு தனி வகை. அதில் இருவர் போதும்.

லாரி கிரஹாம் அமெரிக்காவின் ஓக்லண்டில் அம்மாவோடு மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர். அம்மா பியானோ வாசித்துப் பாடுவார். ஒரு கட்டத்தில் அவர்களிடம் டிரம்ஸ்காரர் இல்லாமல் போய்விட்டது. கிரஹாம் பேஸ் தந்தியைக் கட்டைவிரல் எலும்பால் தட்டினார், பெரிய டிரம்முக்குப் பதில். ஆள்காட்டி விரலால் தந்தியைச் சுண்டி இழுத்து விட்டார், குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம்முக்குப் பதில். ஸ்லாப் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படும் முறை இதுதான். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அவர் சேர்ந்ததும் அது வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் வேறு ரகம். ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் மெட்டுகள் பிடுங்கப்பட்ட பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்சியை மேலே பூசி வைத்திருந்தார். மெட்டு போனதும் சுரம் வழுக்க ஆரம்பிக்கும், வயலினில் போல. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு ஜாக்கோ உடனே பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. 1976இல் வந்த முதல் ஆல்பத்தில் முதல் உருப்படியே ‘டோனா லீ’. சாக்ஸஃபோன்காரர்களே திணறும் வேகமான ஜாஸ் உருப்படி அது. இவர் பேஸில் வாசிக்க, துணைக்குக் காங்கா டிரம்ஸ் மட்டும். அதற்குமுன் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் ஜோ சாவினுலிடம் போய், உலகத்திலேயே சிறந்த பேஸ் கலைஞன் நான்தான் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர். சாவினுல் முதலில் விரட்டினார், பிறகு குழுவில் சேர்த்துக்கொண்டார். ஜாக்கோ 1987இல் 35 வயதில், ஒரு கிளப் வாசலில் வாங்கிய அடியில் இறந்தார்.

பேஸ் தனியாக நின்று பேசலாம் என்று நினைப்பவர்கள் ஜாக்கோ கட்சி. பேஸ் பாட்டைத் தாங்க வேண்டும் என்பவர்கள் ஜேமர்சன் கட்சி. வேகத்தைப் பற்றிய வாதம் என்று தோன்றும் பல வாதங்கள் உள்ளுக்குள் இதுதான்.

யார் கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள்

பட்டியல்களைக் காட்டி வாதிடுபவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: இந்தப் பட்டியலைப் போட்டது யார்? 2011இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வாசகர்களிடம் வாக்கெடுத்தபோது த ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் முதலிடம் பெற்றார். ஜேமர்சன் முதல் பத்துப் பேரில் கூட இல்லை. 2020இல் அதே பத்திரிகை தானே 50 பேரைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட்டது. முதலிடம் ஜேமர்சனுக்கு. ஒன்பது வருடத்தில் இறந்தவர் யாரும் புதிதாக வாசித்துவிடவில்லை. வாசகர்கள் மேடையில் கண்டவர்களுக்கு வாக்களித்தார்கள், பத்திரிகை ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்தது. தவிர, 2020 பட்டியலில் சார்லஸ் மிங்கஸ் போன்ற டபுள் பேஸ் கலைஞர்களும் இருந்தார்கள். டபுள் பேஸையும் சேர்ப்பதா என்று முடிவுசெய்யாமல் தொடங்கும் விவாதம் அரைமணி நேரத்தில் தடம்புரளும்.

ஸ்டூடியோக்காரர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல், வாசித்தது யார் என்பதே. ஜாக்சன் ஃபைவ் குழுவின் ‘ஐ வான்ட் யூ பேக்’ மோட்டவுன் பாட்டு, துள்ளும் பேஸ், ஆகவே ஜேமர்சன் என்று நினைக்கத் தோன்றும். வாசித்தது வில்டன் ஃபெல்டர், அடிப்படையில் சாக்ஸஃபோன்காரர். ஜேமர்சன் பெயரில் இருக்கும் சில பாட்டுகளைத் தானே வாசித்ததாக லாஸ் ஏஞ்சலிஸ் கலைஞர் கேரல் கே சொல்ல, ஜேமர்சன் தரப்பினர் மறுக்க, அந்தத் தகராறு தீரவே இல்லை.

கேரல் கே பற்றி நின்று சொல்ல வேண்டும். கிட்டார் கலைஞராக இருந்தவர், 1963இல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ்காரர் வராமல் போக, அவர் இடத்தில் உட்கார்ந்தார். அப்புறம் எழவே இல்லை. பிக் என்ற சிறு தகட்டை வைத்து மீட்டும் அவருடைய கணீர் ஒலி 1960களின் கலிஃபோர்னியா பாட்டுகளில் எங்கும் இருக்கிறது. பீச் பாய்ஸின் 1966ஆம் வருடத்து ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்திலும் வாசித்தார். ஆனால் அதன் பேஸ் வரிகளை எழுதியவர் பிரையன் வில்சன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் பெருமை யாருக்கு? நமக்கு இது புதுக் கேள்வியில்லை. இளையராஜா பாட்டுகளின் பேஸ் ஓட்டத்தை வாயாலேயே பாடிக்காட்டுகிறவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அவை அவர் கையால் எழுதிக் கொடுத்தவை. வாசித்தவர் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் பெயர் கொஞ்சம் பேருக்காவது தெரியும்.

என் கட்சி இது: எழுதியவருக்கு வரியின் பெருமை, வாசித்தவருக்கு அது உயிரோடு நிற்பதன் பெருமை. எழுதிக் கொடுத்த அதே வரியை இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள், ஒருவர் வாசித்தால் கால் ஆடும், மற்றவர் வாசித்தால் ஆடாது. 2025இல் ஹால் ஆஃப் ஃபேம் கேரல் கேயைத் தேர்ந்தெடுத்தபோது, ஸ்டூடியோவில் சேர்ந்து உழைத்தவர்களின் வேலையை அந்த அமைப்பு சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். தனியாள் பட்டியல்களைப் பற்றி எனக்கும் பாதி சந்தேகம் அதனால்தான்.

சரி, யார்?

விவாதத்துக்குப் போகிறவர் ஒரு காரியம் செய்யலாம். பெயரைச் சொல்லும் ஒவ்வொருவரிடமும் ‘எந்தப் பாட்டு, எந்த இடம்?’ என்று கேளுங்கள். ஒரு பாட்டைக்கூடச் சொல்ல முடியாதவர் கேள்விப்பட்டதைச் சொல்கிறார் என்று அர்த்தம். பாட்டைச் சொன்னால் அங்கேயே போட்டுக் கேளுங்கள், பேஸை மட்டும். அது இல்லாமல் இருந்தால் அந்தப் பாட்டு என்னவாகும் என்று யோசியுங்கள். 1979இல் ஷீக் குழுவுக்காக பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த ‘குட் டைம்ஸ்’ வரியை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு மட்டுமில்லை, அதே வருடம் அந்த வரியின் மேலேயே எழுப்பப்பட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’டும் விழுந்துவிடும். ஹிப்ஹாப்பின் முதல் பெரிய ஹிட் அது.

இந்தச் சோதனையில் என்னுடைய வரிசை: ஜேமர்சன், கிரஹாம், மெக்கார்ட்னி, ஜாக்கோ, எட்வர்ட்ஸ். ஜாக்கோவை நாலாவதாக வைத்ததற்கு அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அவர் இல்லாவிட்டால் பேஸ் கிட்டாரின் எல்லை சுருங்கியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரைப் பார்த்து எத்தனையோ பேர் பாட்டைத் தாங்குவதை மறந்து விரல் வித்தை காட்டக் கிளம்பியதும் நடந்தது. அமெரிக்க பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் போலவோ, ரஹ்மானோடு மேடையேறிய மும்பையின் மோகினி டே போலவோ அந்த வேகத்தோடு தாளத்தையும் கையில் வைத்திருப்பவர்கள் குறைவு. என்ட்விசிலை விட்டதுதான் எனக்கே உறுத்துகிறது. 1965இல் ‘மை ஜெனரேஷன்’ பாட்டில் கிட்டார் சோலோ வர வேண்டிய இடத்தில் பேஸை வைத்து முழங்கியவர். அவரை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் எட்வர்ட்ஸை இறக்க வேண்டும். ‘குட் டைம்ஸ்’ஸை இன்னொரு முறை போட்டால் அதற்கு மனசு வரவில்லை.